நீட்டிக்கப்பட்ட காவலும் நிறுத்தப்பட்ட காவலும்

முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகள் என்று நம் முன்னோர் எண்ணியவற்றுள் வைப்பாறும் ஒன்று. வேம்பாற்றுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, ஆறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்துக் கீழவைப்பார் அமைந்துள்ளது. இக்கரைக்கும் எதிரே உள்ள மன்னார்க் கரைக்கும் உள்ள உறவு நேற்று இன்று ஏற்பட்டதன்று. 16ஆம் நூற்றாண்டில் இரண்டும் ஒரே முத்துச் சலாபத்தின் இரு ஓரங்கள். 1542-இல் புனித பிரான்சிசு சவேரியார் நம் கரைக்கு வந்தார். 1544-இல் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற ஏறத்தாழ அறுநூறு பேர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். அன்று முதல் அக்கரையில் சிந்தும் இரத்தம் இக்கரைக்கு ஒருபோதும் அந்நியச் செய்தியாக இருந்ததில்லை.

ஆகவே, பிற ஊரார்க்கு வெறும் அரசியலாகத் தோன்றும் ஒரு கேள்வி நமக்குக் குடும்பக் கேள்வியாகிறது. ஒரு தீவின் மக்கள் இரண்டாகப் பிளந்து ஒருவரை ஒருவர் அழிக்க முற்படும்போது, இரு தரப்பையும் சாராத ஒருவர் இடையில் நின்று காக்க முடியுமா? முடியுமாயின், அக்காவல் எவ்வளவு காலம்? நீட்டித்துக்கொண்டே போவது நன்மையா, ஒரு நாள் முடித்துவிடுவது நன்மையா? வரலாறு இதற்கு இரண்டு தீவுகளைச் சான்றாக நம் முன் வைக்கிறது. ஒன்று, காவல் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நீட்டிக்கப்பட்டுவரும் சைப்பிரசு. மற்றொன்று, காவல் இருமுறை வந்து இருமுறையும் நின்றுபோன இலங்கை.

பச்சைக் கோடு

சைப்பிரசு விவிலியம் வாசிப்போர்க்குப் புதிய பெயரன்று. புனித பர்னபாவின் பிறப்பிடம் அதுவே. பவுலும் அவரும் தம் முதல் நற்செய்திப் பயணத்தில் சலமியில் இறங்கிப் பாப்போ வரை அத்தீவைக் குறுக்கே கடந்தனர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. அவர்கள் தடையின்றி நடந்த வழியை இன்று ஒரு முட்கம்பி வேலி வெட்டிச் செல்கிறது. சலமி வடக்கே, பாப்போ தெற்கே.

1960 ஆகஸ்டு 16-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற அத்தீவில் ஐந்தில் நான்கு பங்கினர் கிரேக்க மொழி பேசும் கிறித்தவர். ஏனையோருள் பெரும்பான்மையோர் துருக்கிய மொழி பேசும் முசுலிம்கள். இரு சாராருக்கும் ஆட்சியைப் பங்கிட்டுத் தந்த அரசியலமைப்பு மூன்று ஆண்டுகளே நிலைத்தது. 1963 டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டிய நாள்களில், தலைநகர் நிக்கோசியாவில் கொலைகள் தொடங்கின. சண்டையை நிறுத்த முயன்ற பிரிட்டானிய மேஜர் ஜெனரல் பீட்டர் யங், நகர வரைபடத்தின்மீது ஒரு கோடு இழுத்தார். அவர் கையில் இருந்தது பச்சை நிறப் பென்சில். அதனால் அதற்குப் ‘பச்சைக் கோடு’ என்ற பெயர் நிலைத்தது. சில நாள்களுக்கு என்று இழுக்கப்பட்ட கோடு அது.

1964 மார்ச்சு 4-இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை தன் 186ஆம் தீர்மானத்தின் வழி அங்கே அமைதி காக்கும் படை ஒன்றை நிறுவப் பரிந்துரைத்தது. அதற்கு விதிக்கப்பட்ட காலம் 3 மாதம். அம்மாத 27ஆம் நாள் படை பணி தொடங்கியது. மூன்று மாதம் முடிந்தது. மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. பின்னர் ஆறு ஆறு மாதங்களாக நீட்டிப்பு தொடர்ந்தது. 2023 முதல் ஓராண்டு ஓராண்டாக நீட்டிக்கின்றனர்.

மூன்று இந்தியத் தளபதிகள்

இந்தப் படையின் வரலாற்றில் இந்தியருக்குத் தனி இடம் உண்டு. முதல் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் பி. எசு. கியானி. அவரை அடுத்து 1964 ஜூலையில் பொறுப்பேற்றவர், இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்ற குடகு நாட்டு ஜெனரல் கே. எசு. திம்மையா. கொரியப் போருக்குப் பின் கைதிகளைத் திருப்பி அனுப்பும் நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைமை தாங்கி இரு தரப்பாரின் மதிப்பையும் பெற்றவர் அவர். 1965 டிசம்பர் 18-இல் பணியில் இருக்கும்போதே சைப்பிரசில் மாரடைப்பால் காலமானார். மறு ஆண்டு அந்நாடு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

மூன்றாமவர் திவான் பிரேம் சந்து. 1969 இறுதியிலிருந்து 1976 இறுதிவரை அவர் தளபதியாக இருந்தார். சைப்பிரசின் மிகக் கொடிய ஆண்டு அவர் காலத்திலேயே வந்தது. 1974 ஜூலை 15-இல், கிரேக்க நாட்டை அப்போது ஆண்ட இராணுவக் குழுவின் தூண்டுதலால் தீவின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. ஐந்து நாள் கழித்துத் துருக்கிப் படை வடகரையில் இறங்கியது. நிக்கோசியா வான்தளத்துக்காக இரு படைகளும் மோதின. பிரேம் சந்து அங்கிருந்த இரு தரப்புத் தளபதிகளோடும் பேசி, 23ஆம் நாள் அவ்வான்தளத்தை ஐ.நா. பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார். இரு தரப்பும் விலகி நின்றன. அந்த நிலத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இறுதியில் அதைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஆகஸ்டு 16-இல் போர் ஓய்ந்தபோது தீவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துருக்கிப் படையின் கையில் இருந்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கச் சைப்பிரியர் தெற்கே ஓடினர். பல்லாயிரம் துருக்கியச் சைப்பிரியர் வடக்கே பெயர்ந்தனர். இரு பகுதிகளுக்கும் நடுவே 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் இடைவெளி நிலம் ஐ.நா. காவலில் வந்தது. நிக்கோசியாவின் பழைய தெருக்களில் அதன் அகலம் சில அடிகளே. வெளியூர்ப் புறங்களில் 7 கிலோமீட்டருக்கும் மேல்.

காவல் தந்ததும் தராததும்

இக்காவலால் விளைந்த நன்மை என்ன? 1974-க்குப் பின் அத்தீவில் மீண்டும் பெரும்போர் மூளவில்லை. 1996 ஆகஸ்டில் எல்லையோர ஆர்ப்பாட்டத்தில் உயிர்ப்பலி நேர்ந்தது போன்ற நிகழ்ச்சிகள் உண்டு. ஆயினும் தீப்பொறி காட்டுத்தீ ஆகவில்லை. இடைவெளி நிலத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் குடியிருக்கவோ உழைக்கவோ செய்கின்றனர். அங்குள்ள பைலா என்னும் ஊரில் இரு மொழியினரும் இன்றும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். திருத்தந்தையின் தூதரகமும் பிரான்சிஸ்கன் துறவியரின் திருச்சிலுவைக் கோயிலும் இந்த இடைவெளி நிலத்திலேயே உள்ளன. 2010-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டும் 2021-இல் திருத்தந்தை பிரான்சிசும் அங்கே வந்தனர்.

ஆனால் சமாதானம் வரவில்லை. 1983-இல் வடபகுதி தன்னைத் தனிநாடாக அறிவித்தது. துருக்கியைத் தவிர எந்நாடும் அதை ஏற்கவில்லை. 2004 ஏப்ரல் 24-இல், ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் முன்வைத்த ஒன்றிணைப்புத் திட்டம் இரு பகுதிகளிலும் பொதுவாக்கெடுப்புக்கு விடப்பட்டது. துருக்கியச் சைப்பிரியரில் 65 விழுக்காட்டினர் ஏற்றனர். கிரேக்கச் சைப்பிரியரில் 76 விழுக்காட்டினர் மறுத்தனர். 2017-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த பேச்சும் முறிந்தது.

நம் கடற்கரை வழக்கில் ஓர் ஒப்புமை சொல்லலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தடைக்காலம் மீனைப் படைப்பதில்லை. மீன் குஞ்சு பொரிக்கக் காலம் தருகிறது, அவ்வளவே. அந்நாள்களில் வலையையும் படகையும் பழுது பார்ப்பவன் பயன் பெறுகிறான். வெறுமனே படுத்திருந்தவன் தடை நீங்கிய அன்று கிழிந்த வலையோடு கடலுக்குப் போகிறான். அமைதிப்படையும் அத்தகையதே. அது சமாதானத்தைப் படைப்பதில்லை. சமாதானத்துக்குக் காலம் தருகிறது. சைப்பிரசின் அரசியல் தலைவர்கள் தமக்குக் கிடைத்த காலத்தின் பெரும்பகுதியை வீணாக்கினர். எனினும் காலம் என்பது அவர்களுக்குக் கிடைத்தது. அது கூடக் கிடைக்காத தீவு ஒன்று நம் கண்ணெதிரே இருக்கிறது.

இலங்கையில் இருமுறை

1987 ஜூலை 29-இல் கொழும்பில் பிரதமர் இராசீவ் காந்தியும் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மறுநாள் இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. வந்த வீரர்களுக்குத் தமிழ் மக்கள் மாலை சூட்டினர். மூன்று மாதம் நிறைவதற்குள் எல்லாம் தலைகீழாயிற்று. செப்டம்பர் 26-இல் திலீபன் உண்ணாநோன்பில் உயிர்நீத்தார். அக்டோபர் 10-ஆம் நாளளவில் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அக்டோபர் 21-இல் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். முப்பத்திரண்டு மாதங்களில் இந்திய வீரர் ஏறத்தாழ 1,200 பேர் அம்மண்ணில் மாண்டனர். அவர்களும் யாரோ ஒரு தாயின் மக்களே. எதற்காகச் செத்தோம் என்று அறியாமலேயே பலர் செத்திருப்பர்.

எங்கே பிழை நேர்ந்தது? ஐ.நா. அமைதிப்படைகள் மூன்று நெறிகளைப் பற்றி நிற்க முயல்கின்றன. இரு தரப்பின் இசைவு வேண்டும்; எத்தரப்பையும் சாராதிருக்க வேண்டும்; தற்காப்புக்கன்றி ஆயுதம் எடுக்கலாகாது. சைப்பிரசுப் படையின் வீரர் இடையில் நின்றனரேயன்றி, ஒரு தரப்பின் ஆயுதத்தைப் பறிக்க முற்படவில்லை. இலங்கையிலோ ஒப்பந்தம் இரண்டு அரசுகளுக்கு இடையே ஆனது. போரிட்ட இயக்கம் அதில் கையெழுத்திடவில்லை. அப்படியிருக்க, அவ்வியக்கத்தின் ஆயுதங்களைக் களையும் பொறுப்பு வந்த படையின் தலையில் விழுந்தது. இடையில் நிற்க வந்தவர் ஒரு பக்கம் திரும்பிச் சுடவேண்டிய நிலை ஏற்பட்ட அன்றே அமைதி காக்கும் படை என்ற பெயர் பொருளிழந்தது.

தென்னிலங்கையிலும் அப்படைக்கு எதிர்ப்பு மூண்டது. 1989 ஜூன் 1-இல் புதிய குடியரசுத் தலைவர் பிரேமதாசா, ஜூலை இறுதிக்குள் படை வெளியேற வேண்டும் என்று கோரினார். நீட்டிப்புக்கு இடமே இல்லாமற் போயிற்று. 1990 மார்ச்சு 24-இல் கடைசி வீரர்கள் திருகோணமலையிலிருந்து கப்பலேறினர். சென்னையில் நடந்த வரவேற்பில் அன்றைய முதல்வர் கலைஞர் கருணாநிதி கலந்துகொள்ளவில்லை. தமிழரைக் காக்கப் போன படையைத் தமிழகம் வரவேற்க இயலாத அவலம் அது.

அடுத்த மூன்றே மாதத்தில், 1990 ஜூனில், இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் மீண்டும் போர். அவ்வாண்டு அக்டோபரில் வடபகுதி முசுலிம்கள் பல்லாயிரவரைப் புலிகள் வீட்டைவிட்டு வெளியேற்றினர். ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து தமிழகம் வந்தனர். மண்டபத்திலும், நம் மாவட்டத்தில் தாப்பாத்தி போன்ற இடங்களிலும் எழுந்த முகாம்கள் அந்நாள்களின் சாட்சிகள். இன்று அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். அங்கே பிறந்த பிள்ளைகள் தாமும் பெற்றோராகிவிட்டனர்.

இரண்டாம் காவல் ஆயுதமின்றி வந்தது. 2002 பிப்ரவரி 22-இல் நார்வே நாட்டின் முயற்சியால் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. நார்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐசுலாந்து ஆகிய ஐந்து நாடுகளின் கண்காணிப்பாளர் சில பத்துப்பேர் வந்தனர். மீறல்களைக் கேட்டறிந்து பதிவு செய்வது அவர்தம் பணி. தடுக்கும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை. ஆயினும் முதற் சில ஆண்டுகளில் அக்காவலின் நிழலில் யாழ்ப்பாணச் சாலை திறந்தது. பிரிந்திருந்த குடும்பங்கள் சந்தித்தன. 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது. அதனால் ஒன்றிய உறுப்பு நாடுகளின் கண்காணிப்பாளர் வெளியேற வேண்டும் எனப் புலிகள் வற்புறுத்த, மூன்று நாட்டினர் போயினர். 2008 ஜனவரியில் இலங்கை அரசு உடன்பாட்டை முறித்தது, மிச்சமிருந்தோரும் போயினர்.

அதே ஆண்டு செப்டம்பரில், அரசின் ஆணைக்குப் பணிந்து ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டனர். அவர்களுடைய அலுவலக வாயிலில் மக்கள் திரண்டு, போகாதீர்கள் என்று மன்றாடினர். அம்மக்கள் கேட்டது அரசியல் தீர்வன்று, படையுமன்று. தம் சாவைக் காணும் சாட்சியாகவேனும் சிலர் இருக்கவேண்டும் என்றே கேட்டனர். அதுவும் மறுக்கப்பட்டது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. இறுதி மாதங்களில் மாண்ட பொதுமக்கள் தொகை 40,000 வரை இருக்கலாம் என்பதை மறுக்க இயலாது என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் அறிவித்தது. தன் கடமையில் தவறியதை ஐ.நா.வே 2012-இல் வெளியிட்ட தன் உள்ளாய்வு அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

மடு தரும் பாடம்

காவலர் எவரும் இல்லாத இடத்தில் மக்கள் தாமே ஓர் அடைக்கலத்தைத் தேடிக்கொள்வர். 1990-இல் மடு மாதா திருத்தல வளாகம் அவ்வாறு ஆயிற்று. பல்லாயிரம் அகதிகள் அங்கே குடிசை கட்டினர், ஐ.நா. அகதிகள் ஆணையமும் அங்கே நிவாரண நிலையம் அமைத்தது. தமிழரும் சிங்களவரும் ஒருசேரப் போற்றும் திருத்தலமாதலின் இரு தரப்புத் துப்பாக்கிகளும் ஓரளவு தயங்கின. ஆனால் 1999 நவம்பர் 20-இல் எறிகணைகள் வளாகத்தில் விழுந்து, அடைக்கலம் தேடி வந்தோர் நாற்பது பேரளவில் மாண்டனர். 2008 ஏப்ரலில் மாதாவின் திருவுருவமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்தது. பக்தி ஒரு வேலி. ஆயினும் போரிடுவோர் இருவரும் மதிக்கும் உடன்பாடும், அதைக் காக்கும் மூன்றாம் கண்ணும் இல்லாவிடில் அவ்வேலி நெடுநாள் நில்லாது.

காலத்தை என் செய்வது?

இவ்விரு வரலாறுகளையும் எதிரெதிரே வைத்து நோக்கும்போது ஒன்று தெளிவாகிறது. காவலை நீட்டிப்பதால் ஆகும் செலவு சலிப்பு தருவது; கணக்கில் எழுதத்தக்கது. காவலை நிறுத்துவதால் ஆகும் செலவு எழுதித் தீராதது. சைப்பிரசுப் படை எதற்கு இன்னும் என்று கேட்போர் உண்டு. 1964-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர் இருந்த அப்படையில் இன்று ஆயிரத்துக்கும் குறைந்தவரே உள்ளனர். சமாதானம் வராத இடத்தில் காவல் நிற்பது வீண் என்பது அவர்தம் வாதம். அவர்கள் 2008-இல் கிளிநொச்சி வாயிலில் நின்றவரைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆயினும் அவ்வாதத்தில் ஒரு பாதி உண்மை. நீட்டிப்பு வழக்கமாகிவிட்டால் வேலியே வீடாகிவிடும். நியூயார்க்கில் பதினைந்து உறுப்பினர் கையுயர்த்துவதோடு கடமை முடிந்தது என்று தலைவர்கள் உறங்கிவிடுவர். அக்காலத்தைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் சிறிய மனிதரே. 1978-இல் நிக்கோசியாவின் கிரேக்க நகரத் தலைவர் லெல்லோஸ் டிமிட்ரியாடிசும் துருக்கிய நகரத் தலைவர் முசுதபா அக்கின்சியும் சந்தித்துப் பேசி, நகரின் கழிவுநீர்த் திட்டத்தை ஒன்றாகவே நடத்த உடன்பட்டனர். நாட்டைப் பற்றி அவர்கள் உடன்படவில்லை. சாக்கடையைப் பற்றி உடன்பட்டனர். தெற்கின் கழிவுநீர் முட்கம்பியின் அடியில் ஓடி வடக்கே சுத்திகரிக்கப்பட்டது. பின்னாளில் அக்கின்சியே துருக்கியச் சைப்பிரியரின் தலைவராகி ஒன்றிணைப்புப் பேச்சில் அமர்ந்தார்.

நம் கடலிலும் அத்தகைய சிறு உடன்பாடுகளுக்கு இடமுண்டு. 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடலில் கோடு கிழித்தன. போர்க்காலத்தில் கடலுக்குப் போக முடியாதிருந்த வடஇலங்கைத் தமிழ் மீனவர், போர் முடிந்து திரும்பியபோது தமிழகத்தின் இழுவைமடிப் படகுகள் தம் வலைகளை அறுப்பதைக் கண்டனர். நம் மீனவரோ இலங்கைக் கடற்படையால் தாக்கப்பட்டும் சிறைபிடிக்கப்பட்டும் வருந்துகின்றனர். இதில் இரு பக்கமும் வலை பிடிக்கும் கைகள். இரு பக்கமும் ஒரே மொழி. பலரிடத்து ஒரே செபமாலை. 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு கரை மீனவரும் நேருக்கு நேர் அமர்ந்து பேசினர். முடிவு எட்டப்படவில்லை. அதனால் பேச்சு வீணாகிவிடவில்லை. அதைத் தொடராமல் விட்டதே வீண்.

முன்னர்க் குறிப்பிட்ட வான்தளத்துக்கு வருவோம். 1974-இல் பிரேம் சந்து காத்த நிக்கோசியா வான்தளத்தில் அதன் பின் பயணியர் விமானம் ஒன்றும் வழக்கம்போல் வந்துபோகவில்லை. அந்நிலத்தில்தான் இன்று ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. சைப்பிரசின் கலவரங்களிலும் போரிலும் காணாமற்போனோர் பட்டியலில் 2,002 பெயர்கள். 1,510 பேர் கிரேக்கர், 492 பேர் துருக்கியர். இரு இனத்து அறிவியலாளரும் ஒரே மேசையில் நின்று, தோண்டியெடுத்த எலும்புகளை அடையாளம் கண்டு குடும்பங்களிடம் ஒப்படைக்கின்றனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு அடக்கம் பெற்றுள்ளனர். கிரேக்க எலும்பைத் துருக்கியப் பெண் துடைத்து அடுக்குகிறாள். துருக்கிய எலும்பைக் கிரேக்க இளைஞன் எடுத்து வைக்கிறான். காவல் பாதியில் நின்றிருந்தால் அந்த மேசை இராது.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி முதல் காணாமற்போனோரின் தாய்மார் படங்களை ஏந்திச் சாலையோரம் அமரத் தொடங்கினர். அவர்களுள் பலர் விடை கிடைக்காமலே இறந்துவிட்டனர். அவர்களுக்கு அத்தகைய ஒரு மேசை வேண்டும். அதைக் கேட்கும் குரல் அக்கரையிலிருந்து மட்டும் எழுந்தால் போதாது.